நடு வயதில் வந்த வெடிப் பயம்: வில்பட்டி மணி

நாய்க்குப் பட்டாசு பயம் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "எப்ப இருந்து?" என்றுதான். குட்டியில் இருந்தே பயம் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. போன வருஷம் வரை வாசலில் சரவெடி வெடித்தாலும் புரண்டு படுத்த நாய் நடு வயதில் திடீரென்று நடுங்க ஆரம்பித்தால், பட்டாசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதன் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டியில் மணி என்ற நாய்க்கு ஒரு தீபாவளிக்கு முன்னும் பின்னும் என்னென்ன செய்தோம் என்பதை இங்கே முழுசாக எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் எழுதச் சொல்லிவிட்டார்கள், தங்கள் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் நாய்களைப் பழக்குகிறவன், மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இதில் வருவதெல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்து முடிவு செய்தது.

நாயும் தோட்டமும்

மணி நாட்டு நாய், செவலை நிறம், ஆண், கருத்தடை ஆனது, ஏழு வயது முடிந்திருந்தது. வீட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டம். கேரட், உருளை, பீன்ஸ், ஒரு துண்டில் மலைப்பூண்டு. வீட்டில் ஐயா, அம்மா, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற பேரன். ராத்திரிக் காவல் மணியின் வேலை. மலையில் தோட்டக் காவல் என்றால் திருடனை விட காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும்தான்.

அதனால் இங்கே வெடி என்பது ஐப்பசி மாதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. மாடு தோட்டத்தில் இறங்கிவிட்டால் ஒரு அணுகுண்டைக் கொளுத்திப் போடுகிறார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் போடுகிறார், வருஷம் பூராவும். கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, சாவு ஊர்வலம், டிசம்பர் 31 ராத்திரி சுற்றுலா வந்தவர்கள் வெடிப்பது எல்லாம் தனிக் கணக்கு. சமவெளியில் ஒரு வெடி ஒரு பக்கத்திலிருந்து கேட்கும், முடிந்துவிடும். இங்கே அது எதிர்ச்சரிவில் பட்டு, கொஞ்சம் தாமதித்து வேறு பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது, சில சமயம் இரண்டு மூன்று முறை. எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்று நாயால் முடிவு செய்ய முடியாது. நம் நாட்டு விதிப்படியே ஒரு வெடி 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சத்தம் போடலாம். நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம், சங்கிலியில் கிடக்கும் நாய் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த மணிக்கு முதல் ஐந்து வருஷம் வெடி ஒரு பொருட்டே இல்லை. ஐயா அணுகுண்டைப் போட்டதும் மாட்டுக்கு எதிரே குரைத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவன் அவன்தான் என்று மகன் பெருமையாகச் சொன்னார். ஆறாவது வயதில் ஒரு பனிக்காலத்தில் மாறியது. முதலில் வெடி போட்டதும் பின்வாங்கினான். அப்புறம் வீட்டுப் பின்புறம் விறகு அடுக்கின் கீழே போய் ஒளிந்தான். அப்புறம் இடிக்குப் பயம், பைக் சைலன்சர் பட்டென்று வெடித்தால் பயம், கடைசியில் குக்கர் விசிலுக்கே எழுந்து ஓடினான். அந்தத் தீபாவளி ராத்திரி சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவன் மறுநாள் மத்தியானம்தான் தைலமரக் காட்டுப் பக்கம் கிடைத்தான். சிறுத்தையும் காட்டுமாடும் நடமாடுகிற, சுற்றுலா வண்டிகள் வளைவில் வேகமாக வருகிற ஊரில் ஒரு நாய் கண்மண் தெரியாமல் ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யாரோ பையன்கள் மேலே வெடி போட்டிருப்பார்கள் என்றார் மகன். வயசாகிவிட்டது என்றார் ஐயா. அம்மா மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருந்தார், அது கழுத்துப் பட்டையோடு அப்படியே இருந்தது, நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. இவர்கள் எல்லோரும் அந்த நாய் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். என்னிடம் வந்தபோது அடுத்த தீபாவளிக்கு இரண்டு மாதம் கூட இல்லை.

பார்த்தது

எப்போதும் போல முதலில் வீடியோ கேட்டேன். மருமகள் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். ராத்திரி, வாசல் விளக்கு, கீழே எங்கேயோ மாடு இறங்கிய சத்தம். ஐயா கதவுக்கு மேலே இருக்கிற பலகையில் கை வைக்கிறார், அங்கேதான் வெடிப் பெட்டி. அவ்வளவுதான், இன்னும் தீப்பெட்டியே வரவில்லை, மணியின் காது பின்னால் போய்விட்டது. உதட்டை நக்குகிறான், கொட்டாவி விடுகிறான், ஒரு முன்கால் தரையிலிருந்து தூக்கியபடி நிற்கிறது, வால் வயிற்றுக்கு அடியில். வாயிலிருந்து ஆவி வருகிற குளிரில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குகிறான். இந்தக் கொட்டாவியை வைத்து "தூக்கம் வருது போல" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நாய்க்கு அது பதற்றத்தின் அடையாளம், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

வீடியோவில் பயம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. நேரில் போனபோதுதான் தெரிந்தது. மேல் தோட்டத்திலிருந்து கூப்பிட்டதும் மணி ஓடிவந்தான், ஆனால் ஒவ்வொரு படியிலும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி குதித்தான். உட்காரும்போது இடது பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டிப் போட்டான். எழும்போது முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்து எழுந்தான். தடவிப் பார்த்தால் தோள்பட்டை கெட்டியாக, தொடை இளைத்து. அப்போது சாலையில் ஒரு பைக் பட்டென்று சத்தம் போட்டது. மணி உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டியது, பின்பக்கம் சட்டென்று தாழ்ந்தது, அடுத்த நொடி அவன் சாலையைப் பார்க்கவில்லை, திரும்பித் தன் இடது இடுப்பைப் பார்த்தான்.

எனக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி என்று சொன்னேன். ஐயாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"கால் வலிக்கும் வெடிக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"திடுக்குன்னு ஆனா உடம்பு மொத்தமும் இறுகுதுல்லங்கய்யா, இடுப்பு எலும்புல ஏற்கெனவே வலி இருந்தா அந்த இறுக்கத்துல சுரீர்னு இழுக்கும். அவனுக்கு அது புரியாது. சத்தம் கேட்டுச்சு, வலிச்சுது, சத்தம்தான் வலிக்க வைக்குதுன்னு நெனச்சுக்கறான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் பனிக்காலத்தில் முட்டி அப்படித்தான் பிடிக்கும் என்றார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனார்கள்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-ல் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 10 நாய்க்கு எலும்பு, தசை வலி உண்டு, 10 நாய்க்கு இல்லை. வலி இருந்த நாய்களுக்குச் சத்த பயம் சராசரியாக நாலு வருஷம் கிட்டத் தாமதமாகத் தொடங்கியிருந்தது, ஒரு சத்தத்தோடு நிற்காமல் மற்ற விஷயங்களுக்கும் அதிகமாகப் பரவியிருந்தது. வலிக்கு வைத்தியம் பார்த்ததும் பொதுவாக நல்ல முன்னேற்றம் இருந்தது. 20 நாய் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் மணியைப் படித்துப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது அந்த வர்ணனை. நடு வயதில் தொடக்கம், வெடியிலிருந்து இடி, இடியிலிருந்து குக்கர்.

டாக்டர் பின்னங்காலை நீட்டிப் பார்த்ததும் மணி திரும்பி அவர் கையை வாயால் பிடித்தான், கடிக்கவில்லை. கீழே இறங்கிப் போய்த்தான் எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம், இடதில் அதிகம்.

வலியைக் குறைத்தது

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து எழுதினார், எடைக்குத் தகுந்த அளவு, சாப்பாட்டோடு. வீட்டில் இருக்கிற மனுஷ மாத்திரையை உடைத்துக் கொடுக்கக்கூடாதா என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். கூடாது. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண் உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

மாத்திரையோடு சின்னச் சின்ன மாற்றங்கள். சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டிருந்தவனுக்குப் பலகை போட்டு, மேலே சாக்கு, அதற்கு மேலே கம்பளி. அடுக்குத் தோட்டத்தில் மேலும் கீழும் ஓடுகிற ராத்திரி வேலையிலிருந்து விடுப்பு. மண்பாதையில் காலையும் சாயந்திரமும் மெதுவான நடை.

மூன்று வாரம் கழித்து மருமகள் போன் செய்து, "அண்ணா, குக்கர் விசில் அடிச்சுது, படுத்தே இருக்கான்" என்றார். நாங்கள் அதுவரை பயிற்சி என்று ஒன்றுமே தொடங்கியிருக்கவில்லை என்பதால் இந்த ஒரு தகவல் எனக்கு மிக முக்கியம். வலி குறைந்ததும் கடைசியாகச் சேர்ந்த பயம் தானாகவே உதிர்ந்தது. ஆனால் வெடிப் பெட்டி பலகைக்குக் கை போனால் அதே கொட்டாவி, அதே தூக்கிய முன்கால். வலி போனாலும் வலியோடு சேர்த்துப் படித்த பாடம் உடனே போகாது, அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

ஒளிய ஓர் இடம்

வெடி போடும் நேரத்தில் சங்கிலி கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பயந்த நாயைக் கட்டிப்போட்டால் பயம் இரண்டு மடங்கு, அறுத்துக்கொண்டால் காடு. மணிக்கு வீட்டுக்குள் ஓர் அறை தேவைப்பட்டது. வீட்டில் சுவர் தடியான அறை ஒன்று இருந்தது, ஆனால் அதில்தான் பூண்டுக் கொத்துகள் தொங்கின. பூண்டு நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பயத்தில் இருக்கிற நாய் எதையாவது கடித்துவைக்கும். அதனால் சமையலறைக்குப் பின்னால் உருளை மூட்டை அடுக்குகிற அறை. மூட்டைகள் மூன்று பக்கமும் சுவராக நின்றதில் சத்தம் நன்றாகவே குறைந்தது. ஜன்னலில் பழைய கம்பளி, கதவு எப்போதும் திறந்தபடி, அவன் நினைத்தபோது போய் வரலாம்.

மின்விசிறியை ஓடவிடுங்கள் என்று எங்கு படித்தாலும் இருக்கும், கொடைக்கானலில் மின்விசிறிக்கு எங்கே போவது? ரேடியோ இருந்தது. கோடைப் பண்பலை 100.5 அந்த அறையில் தினமும் சாயந்திரம் ஒலித்தது, பட்டாசு இல்லாத நாளிலும். தவில், பறை, டிரம்ஸ் போல கனத்த, தாழ்ந்த சத்தம் இருக்கிற பாட்டு வெடியின் 'தொம்' ஓசையை ஓரளவு மூடும், தனியாகப் புல்லாங்குழல் மூடாது.

ஈரல்

அப்புறம் பயிற்சி. சத்தம் கேட்டதும் உடனே கோழி ஈரல் ஒரு துண்டு. இதில் வரிசைதான் எல்லாம். சத்தம் முதலில், ஈரல் பின்னால். பயந்துவிடுவானே என்று முன்கூட்டியே ஈரலை நீட்டினால், கொஞ்ச நாளில் ஈரலைப் பார்த்தாலே ஏதோ வெடிக்கப் போகிறது என்று நடுங்குவான். பேரன்தான் இதை வீட்டிலேயே சரியாகச் செய்தான், பெரியவர்களுக்குக் கை முந்திக்கொள்ளும்.

பழகுவதற்கு வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து, மணி காதை மட்டும் அசைக்கிற அளவுக்கு மெதுவாக வைத்தோம். போன் ஸ்பீக்கர் போதாது, அதில் 'டப்' என்று மேலோட்டமாக வருமே தவிர நெஞ்சில் இறங்குகிற 'தொம்' வராது. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தோம். சத்தத்தைக் கூட்டுவது எப்போது என்பதை மணிதான் சொன்னான். சத்தம் கேட்டதும் ஈரலுக்காகப் பேரன் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் கூட்டலாம். ஈரலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

நிஜ வெடி குறுக்கே வந்துகொண்டே இருந்தது, மாடு நம் பயிற்சிக்காகக் காத்திருக்காது. ஐயா வெடியை அறவே விட்டுவிட முடியாது என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஒரு ராத்திரியில் ஒரு பாத்தி கேரட் போய்விடும். முதலில் பெரிய டார்ச், கூச்சல், அதற்கும் போகாவிட்டால்தான் வெடி என்று ஒப்புக்கொண்டார். வெடிக்கு முன் மருமகள் "மணி, உள்ளே வா" என்று அறைக்குக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் வெடி வந்தால் அந்த அழைப்பே பயமாகிவிடும் என்பதால், பகலில் பல தடவை சும்மாவே கூப்பிட்டு ஈரலோ முட்டையோ கொடுத்தார்கள். வெடிப் பெட்டியையும் பலகையிலிருந்து மாற்றி, தினமும் கை போகிற துணி அலமாரியில் வைத்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. "பயந்தப்ப தடவிக் குடுத்தா பயம் ஜாஸ்தியாயிடும்கிறாங்களே, நெசமா தம்பி?"

இல்லை. பயம் என்பது நாய் வேண்டுமென்று செய்கிற காரியம் இல்லை, ஆறுதல் சொன்னால் வளர்வதற்கு. மடியில் தலை வைக்க வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விலகிப் போய் மூட்டைக்கு நடுவில் படுத்தால் இழுக்காதீர்கள் என்றேன். அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். இத்தனை நாளும் ஆசையை அடக்கிக்கொண்டு அவனைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

ஈரல் போடுவது எளிமையாகத் தெரிவதால் பலர் அதை நம்புவதில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்க்கும் 1,225 பேரிடம் பட்டாசு பயத்துக்கு எது உதவியது என்று கேட்டார்கள். சத்தத்துக்குப் பின்னால் தீனியோ விளையாட்டோ கொடுத்ததில் பலன் இருந்தது என்றவர்கள் 70 சதவீதத்துக்கு மேல். மூலிகை, வாசனை எண்ணெய் வகைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தான். இது வளர்ப்பவர்களின் கணிப்பு, மருத்துவமனைச் சோதனை இல்லை, இருந்தாலும் என் அனுபவமும் அப்படியே.

தீபாவளி

பயிற்சிக்குக் கிடைத்த நாட்கள் போதாது என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அதனால் டாக்டர் அன்றைக்கு மட்டும் பதற்றத்தைக் குறைக்க மருந்து எழுதினார், டிராசோடோனும் கபாபென்டினும். பண்டிகைக்கு முந்தைய வாரமே ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் தள்ளாடினான், நன்றாகத் தூங்கினான், வேறு தொந்தரவு இல்லை. இடுப்பு வலி உள்ள நாய் தள்ளாடினால் படியில் விழும் என்பதால் அன்று படி ஏற விடவில்லை. தூக்கத்துக்கு ஓர் ஊசி போட்டு விடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அசிப்ரோமசின் மாதிரி மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு மட்டும் கட்டிப்போட்ட மாதிரி ஆகும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், நகரவும் முடியாது. பயத்துக்கென்றே உள்ள மருந்தைக் கேளுங்கள்.

2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் கடிகாரம் பார்த்து வெடிப்பதில்லை என்றாலும் பெரும்பகுதி அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது, அதை வைத்துத் திட்டம் போட முடிந்தது. விடியும் முன்பே பட்டையும் நெஞ்சுக் கச்சையும் இரண்டுமாகப் போட்டு வெளியே கூட்டிப் போய் வந்தார்கள், பட்டையில் போன் நம்பர். சாயந்திரம் ஐந்து மணிக்கு மருந்து, லேசான சாப்பாடு, மறுபடி ஒரு நடை, ஆறரைக்கு அறை. பக்கத்து வீட்டுப் பையன்களிடம் பேரனே போய்ச் சொல்லிவிட்டான். பெரிய வெடியைக் கீழ்ச்சாலைப் பக்கம் கொண்டுபோனார்கள், வாசலில் மத்தாப்பு மட்டும். சொல்லிக் கேட்டால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஏழு மணிக்கு மணி மூட்டைகளுக்கு நடுவில் இருந்தான், அம்மா பக்கத்தில். தூரத்து வெடிகளுக்கு ஈரலைத் தின்றான். கிட்டத்தில் ஒரு அணுகுண்டு விழுந்தபோது தின்னவில்லை, மூச்சு வாங்கினான், நடுங்கினான், அம்மா மடிக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது, ஓடப் பார்க்கவில்லை. முந்தைய வருஷம் மறுநாள் முழுக்கத் தண்ணீர் கூடக் குடிக்காதவன் இந்த முறை ஒன்பதரைக்குச் சோறு சாப்பிட்டான். நான் எப்போதும் கவனிப்பது இந்த மீளும் நேரத்தைத்தான். எவ்வளவு பயந்தான் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தான் என்பது நிலைமையைச் சரியாகச் சொல்லும்.

அதற்கப்புறம்

ஈரல் பழக்கம் நிற்கவில்லை, நிறுத்தினால் பயம் திரும்பும். டிசம்பர் 31 ராத்திரிக்கும் டாக்டர் எழுதிய அதே மருந்துதான், ஆனால் இந்தத் தடவை கிட்டத்து வெடிக்கும் தின்றான். கோடையில் டாக்டர் மெலாக்சிகாமைக் குறைத்தார். குளிர் தொடங்கி வெறும் பட்டென்ற சத்தத்துக்கு மணி மறுபடி இடுப்பைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் மருமகளே டாக்டருக்குப் போன் செய்து அளவைச் சரிசெய்துகொண்டார். அந்தக் குடும்பம் இப்போது அவனைப் படிக்கிற விதம் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

பலவற்றை ஒன்றாகச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். குக்கர் விசில் விஷயத்தை வைத்து நான் வலி வைத்தியத்துக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். அது இல்லாமல் ஈரலை மட்டும் போட்டிருந்தால் ஒவ்வொரு வெடியும் அவனுக்கு மறுபடி வலித்திருக்கும்.

இடி மட்டும் இன்னும் வசப்படவில்லை. வெடியில் பெரும்பாலும் சத்தம்தான். இடிக்கு முன்னால் காற்று மாறுகிறது, இருட்டுகிறது, மின்னல் வெட்டுகிறது, ஸ்பீக்கரில் இதையெல்லாம் கொண்டுவர முடியாது. வடகிழக்குப் பருவமழை இங்கே தீபாவளியோடு சேர்ந்தே வருகிறது என்பதால் ஐப்பசி அவனுக்கு இன்னும் கனமான மாதம்தான். மேகம் திரளும்போதே அறைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறான், ரேடியோவைப் போட்டுவிடுகிறார்கள். வருகிற மழைக்காலத்துக்கு டாக்டர் தினசரி மருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறார், அதை ஆவணி முடிவதற்குள் தொடங்கினால்தான் வேலை செய்ய நேரம் கிடைக்கும்.